பலகை ஐந்தாண்டு நிற்க வேண்டும்

முப்பத்தாறு மாதத்துக்குத்தான் பணம்.
முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.
மீதி நூற்றிருபது பக்கமும்
அதை மறக்கடிக்கும் முயற்சி.

நான் ஊர்வே.
வாஸ்னா வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள்.
எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலை,
எல்லைக்குச் சற்று முன்பே
தார்ச்சாலை மனம் மாறிவிடும் இடம்.

ஹெல்துர் இயக்குநராக இருந்த பதினேழு வருடத்தில்
எதுவும் கெடவில்லை, எதுவும் நடக்கவுமில்லை.
நாற்பது இருக்கைப் பேருந்து
காலை ஏழு இருபதுக்குக் கிளம்பி
ஓட்டுநரை மட்டும் ஏற்றிக்கொண்டு
ஏரியைச் சுற்றி வரும்.
ஒரு நாளும் தாமதமானதில்லை.

பிறகு தார்த்துவிலிருந்து கைசா வந்தாள்.
வந்த வாரமே இயக்குநரின் காரை விற்றாள்.
சிரித்தோம்.
அடுத்த வாரம், மைனஸ் இருபத்திரண்டில்,
எங்களுடைய நிறுத்தமொன்றில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு
மூக்கு சிவக்க உள்ளே வந்தவள்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
சுவரிலிருந்த வழித்தட வரைபடத்தை உருவினாள்.
ஹெல்துர் கையால் வரைந்தது அது.
சுவரில் வெளுக்காத ஒரு செவ்வகம் மிஞ்சியது.

மூன்று சிறிய வேன்.
தொலைபேசியில் கூப்பிட்டால் வீட்டருகே வரும்.
பிரஸ்ஸல்ஸ் பாதி கொடுக்கும்,
தாலின் கால் கொடுக்கும்,
மிச்சத்துக்கு நகராட்சி பல்லைக் கடித்துக்கொள்ளும்.

கூட்டத்தில் கை தூக்கச் சொன்னாள்.
ஓட்டுநர்கள் ஆறு பேரும் வேண்டாம் என்றார்கள்.
நானும்.
அவள் தோற்றதை அவளே குறிப்பேட்டில் எழுதினாள்,
மறுநாள் வேன்களுக்கு ஆர்டர் கொடுத்தாள்.
பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு
வாக்கெடுப்பு ஒரு மரியாதை மட்டும்.
அதற்காக இன்னும் அவளை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் தார்மோ,
குடித்து ஓட்டி உரிமம் பறிபோனவன்,
மர அறுவை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான்.
செவ்வாய்தோறும் பல் மருத்துவர் வந்தார்,
ஒரே வருடத்தில் வட்டாரமே
வாய் திறந்து சிரிக்கத் துணிந்தது.

அறிக்கைப் படிவம் கேட்டது:
எத்தனை பேரின் வாழ்க்கை மேம்பட்டது? முழு எண்ணில் தருக.
தார்மோ இப்போது சனிக்கிழமை மட்டும் குடிக்கிறான்.
ஏழில் ஆறு என்று போட இடமில்லை.
ஒன்று என்று போட்டேன்.

முப்பத்தோராம் மாதம்
கைசாவை அமைச்சகம் கூப்பிட்டுக்கொண்டது.
கேக் வெட்டினோம். நன்றாக இருந்தது.
முப்பத்தேழாம் மாதம்
குத்தகை நிறுவனத்து ஆட்கள் வேன்களை ஓட்டிப்போனார்கள்.
பழைய பேருந்தை முன்பே விற்றாயிற்று.
நகர்மன்றம் ஐந்து நிமிடம் வருந்திவிட்டுக்
கழிவுநீர்க் குழாய்க்குப் போனது.

நின்றது பலகை மட்டும்.
நிதி தந்தவரின் நீலப் பலகை
ஐந்தாண்டு நின்றாக வேண்டும்; விதி.
வருடம் இருமுறை படம் எடுத்து அனுப்ப வேண்டும்; அதுவும் விதி.
ஈரத்துணியோடு போகிறேன்,
காக்கை எச்சத்தைத் துடைக்கிறேன்.

முதல் தடவை பலகையும் பனியும்.
இரண்டாவது தடவை தார்மோவும்
இன்னும் இரண்டு பேரும் அதன் கீழே.
"தள்ளி நில்லுங்கள், படம் எடுக்கணும்."
"வண்டிக்கு நிற்கிறோம்."
"எந்த வண்டி?"
"எது வருதோ அது."
மர லாரி ஒன்று வேகம் குறைத்தது.
ஒருத்தர் ஏறினார்.
பிறகு, சரியாக ஏழு இருபதுக்கு,
பழைய சாம்பல்நிற வோல்வோ ஒன்று.
உள்ளே ஹெல்துர்.
ஓய்வு பெற்றவருக்கு அந்த நேரத்தில் எங்கே போக வேண்டியிருக்கிறது?
நான் கேட்கவில்லை.
அவரும் என்னைப் பார்க்காததுபோல்
பின் கதவைத் திறந்துவிட்டார்.

திட்டத்தின் பயன் தொடர்கிறதா? ஆதாரம் இணைக்கவும்.
ஆம் என்று எழுதி அந்தப் படத்தை வைத்தேன்.
தாலினிலிருந்து திரும்பி வந்தது:
தனியார் வாகனம் பலகையை மறைக்கிறது.
மறுபடி எடுத்து அனுப்புக.

நாளை ஏழு இருபத்தைந்துக்குப் போகிறேன்.
அதற்குள் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள்.